சிரமதானத்துக்கு ஆட்கள் வருவதற்கு முன்னும் போன பின்னும்

போன மாதம் பக்கத்து ஊர்ச் சங்கத்துத் தம்பி ஒருவர் போன் எடுத்தார்.

"அக்கா, யாழ்ப்பாணத்திலயிருந்து இருபது பேர் வருகினம். ரெண்டு நாள் நிப்பினம். என்ன வேலை குடுக்கலாம்?"

"மேசன் எத்தினை பேர்?"

"மேசன் ஒருத்தரும் இல்லை. எல்லாரும் கம்பஸ் பிள்ளையள்."

"சரி, அவையள் போனாப் பிறகு ஆர் தண்ணி ஊத்திறது?"

தம்பிக்குக் கேள்வி விளங்கவில்லை. எனக்கும் முதல் வருடம் விளங்கியிருக்காது. அவருக்குப் போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வன்னியில், ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணிக்குப் போகிற பக்கம், காட்டோரம். அறுபத்துச் சொச்சம் குடும்பங்கள். 2010இல், போரில் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எங்கள் வளவில் மிஞ்சியிருந்தது ஒரு புளியமரமும் பாதிக் கிணற்றுக் கட்டும்தான். கிராம அபிவிருத்திச் சங்கத்தில் முதலில் செயலாளராக இருந்தேன், இப்போது பொருளாளர். நான் படித்த எஞ்சினியர் இல்லை. சிரமதானத்தில், அதாவது கூலியில்லாமல் கூடிச் செய்கிற வேலையில், முன்பள்ளி ஒன்று கட்டினோம், பொதுக்கிணறு ஒன்றைத் திருத்தினோம், மழைநீர்த் தொட்டி மூன்று வைத்தோம். வாசிகசாலை ஒன்று அத்திவாரத்தோடு நிற்கிறது. அந்த நான்கிலும் பட்டதுதான் எனக்குத் தெரிந்தது.

கையெழுத்து முதல், மண்வெட்டி பிறகு

வாசிகசாலைக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். காணிக்காரர் கனடாவில். அவருடைய தம்பி ஊரில் இருந்தார், "கட்டுங்கோ, நல்ல காரியம்தானே" என்றார். கட்டினோம். அத்திவாரம் முடிந்த கிழமை, வவுனியாவிலிருந்து தங்கச்சிக்காரி வந்து நின்றார். காணியில் தனக்கும் பங்கிருக்கிறது, தன்னை ஒருவரும் கேட்கவில்லை என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. இன்றைக்கு அந்த அத்திவாரத்தில் மாடுகள் படுத்திருக்கின்றன.

ஆகவே தனியார் காணி என்றால் உரிமை உள்ள எல்லோரிடமும் எழுத்தில் வாங்குங்கள். கிராம அலுவலர் முன்னால் கையெழுத்து வைக்கட்டும். அரச காணி என்றால் பிரதேச செயலகத்திலிருந்து கடிதம். காட்டோர ஊர்களில் எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று வன இலாகாவிடமும் கேட்டுவிடுங்கள், பிறகு வழக்குப் பேச நேரமில்லை. குளக்கட்டில் வேலை என்றால் கமக்காரர் அமைப்பு ஊடாகப் போக வேண்டும். இருநூறு ஏக்கருக்குக் குறைவாகப் பாய்கிற சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ், அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ். கட்டில் நிற்கும் பற்றையை வெட்டலாம், வாய்க்காலில் மண் அள்ளலாம். குளக்கட்டை வெட்டுவதும் தண்ணீர் திறக்கிற துருசில் கை வைப்பதும் சிரமதான வேலை இல்லை.

இன்னொன்று. வன்னியில் நிலத்தைத் தோண்டுமுன் அந்த இடம் கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டே ஆக வேண்டும். கையளித்த இடத்திலும் கண் வேண்டும். முன்பள்ளிக்கு அத்திவாரம் வெட்டும்போது ஒரு மாணவன் மண்ணிலிருந்து துருத்திக்கொண்டு நின்ற கறள் பிடித்த ஒன்றைப் பார்த்துக் குனிந்தான். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சத்தம் போடாமல்தான் சொன்னார்: "தம்பி, அதைத் தொடாதை. வந்த அடியிலயே பின்னால வா." பையன் வந்தான். பக்கத்தில் ஒரு கொப்பை நட்டு அடையாளம் வைத்துவிட்டு 119க்கு அடித்தோம். அன்றைய வேலை அத்தோடு சரி. நின்றுபோன வேலையைப் பற்றி வந்தவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. காலையிலேயே எல்லோரையும் இருத்தி இதைச் சொல்லியிருக்க வேண்டும், அது எங்கள் பிழை. இப்போது முதல் பிளேன்ரீக்கு முன்பே சொல்கிறோம்.

சோளகமும் சீமெந்தும்

எங்களுக்கு மழை ஐப்பசியில் பிடித்தால் மார்கழி, தை வரை. கிணற்று வேலைக்கு நல்ல காலம் ஆவணி, புரட்டாதி, நீர்மட்டம் அடியில் கிடக்கும். கூரை வேலை ஐப்பசிக்கு முன் முடிய வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு லீவும் ஆடி, ஆவணியில்தான். எல்லாம் பொருந்தி வருவதுபோலத் தெரியும். ஆனால் அதே காலத்தில்தான் கிணற்றில் தண்ணீர் இல்லை, சோளகக் காற்று வேறு அடிக்கும். சீமெந்துக்கு இந்த இரண்டும் ஆகாது.

முதல் வருடம் முன்பள்ளிக்கு நிலம் போட்டது ஒரு சனிக்கிழமை. முப்பது பேர், பாட்டும் பகிடியும், பின்னேரம் நாலு மணிக்கு நிலம் கண்ணாடி மாதிரி. ஞாயிறு காலை பஸ் ஏறிப் போனார்கள். திங்கள், செவ்வாய் நாங்கள் எல்லோரும் கச்சான் பிடுங்கப் போய்விட்டோம். புதன்கிழமை போய்ப் பார்த்தால் நிலம் முழுக்க நண்டு ஓடின மாதிரி வெடிப்பு. மாசி மாதம் பிள்ளைகள் இருந்து எழும்பினால் சட்டையின் பின்பக்கம் வெள்ளைத் தூள். கையால் தேய்த்தால் சீமெந்து மாவாக வருகிறது. உடைத்துத் திரும்பவும் போட்டோம். அந்தக் காசு சங்கத்துக் காசு.

கொங்கிறீற்று காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. குறைந்தது 7 நாள் ஈரம் விடக்கூடாது. இரண்டாம் முறை வெங்காயத்துக்குப் பாத்தி கட்டுகிற மாதிரி நிலத்தைச் சுற்றிக் களிமண் வரம்பு கட்டித் தண்ணீரைத் தேக்கினோம். வாளியால் தெளிப்பதைவிட இதற்குத் தண்ணீர் குறைவு, ஆளும் குறைவு. தூணுக்குச் சாக்கைச் சுற்றிக் கட்டி நனைத்தோம். வீட்டுக்குக் காலை ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி என்று பெயர் எழுதி, அந்தத் தாளை முன்பள்ளிக் கதவில் ஒட்டினேன். ஊற்றியவர் பெயருக்கு நேரே கோடு. கோடு இல்லாத பெயரை ஊரே பார்க்கும், நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

இந்தத் தண்ணீரைக் குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து எடுக்காதீர்கள். குளத்துத் தண்ணீர் கலங்கல் இல்லாவிட்டால் போதும். பிரதேச சபைத் தண்ணீர்ப் பவுசர் வேண்டுமானால் ஒரு கிழமைக்கு முன் கடிதம் கொடுங்கள், அன்று காலை போனில் கெஞ்சினால் வராது. கலவைக்கு மட்டும் பை ஒன்றுக்கு 25 லீற்றர் அளவில் போகும். இருபது பை என்றால் 500 லீற்றர். குடிக்க, கை கழுவ, தாச்சி கழுவ இன்னும் அவ்வளவு. எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்ட உடனே நான் போடுகிற கணக்கு இதுதான், சோற்றுக் கணக்கு பிறகு.

ஆறு பேருக்கு ஒரு மேசன்

மேசனுக்குக் கூலி கொடுங்கள். சிரமதானம்தானே என்று மேசனையும் சும்மா கூப்பிட்டால் அவர் ஒன்பது மணிக்கு வந்து பதினொரு மணிக்குக் கூலி வேலைக்குப் போய்விடுவார், அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. ஐந்தாறு பேருக்கு ஒரு மேசன் என்பது என் கணக்கு. மூலை எழுப்புவது, கூரைமரம் ஏற்றுவது, கம்பி கட்டுவது மேசன், தச்சர் வேலை. வந்தவர்களுக்கு மணல் அரிப்பது, கல் கடத்துவது, கலவை குழைப்பது, பெயின்ற் அடிப்பது, வளவு துப்புரவாக்குவது. யாருக்காவது படம் எடுக்கச் சுவர் கட்டிப் பார்க்க ஆசை என்றால் குசினிப் பக்கச் சுவரில் இரண்டு வரி கட்டட்டும். பூசும்போது மேசன் சரிப்படுத்துவார்.

ஆயுதம் எண்ணிப் பாருங்கள். இருபது பேர் வந்து மூன்று மண்வெட்டி இருந்தால் பதினேழு பேர் புளியமரத்தடியில் நிற்பார்கள், அது அவர்களுக்கும் வெட்கம். மண்வெட்டி, அலவாங்கு, தாச்சி எல்லாவற்றிலும் அந்தந்த வீட்டுக்காரரின் நிறத்தில் ஒரு பெயின்ற் பொட்டு வையுங்கள், பின்னேரம் சண்டை வராது.

கலவையில் இரண்டு விஷயம். ஒன்று, அளவு. சாவலால் எண்ணாதீர்கள், ஒருவரின் சாவல் மற்றவரின் சாவல் இல்லை. 50 கிலோ சீமெந்துப் பை ஒன்று ஏறத்தாழ 35 லீற்றர் கொள்ளளவு. அதே கொள்ளளவில் பலகைப் பெட்டி ஒன்று அடித்துக்கொள்ளுங்கள். 1:2:4 என்று மேசன் சொன்னால் ஒரு பை சீமெந்து, இரண்டு பெட்டி மணல், நான்கு பெட்டி முக்கால் அங்குலக் கல். இரண்டு, தண்ணீர். குழைக்கிற பிள்ளைக்குக் கை நோகத் தொடங்கியதும் களவாக ஒரு வாளி ஊற்றும், கலவை கஞ்சியாகிவிடும், இழுக்கச் சுகம். அதில் கட்டினால் பலம் இல்லை. எங்கள் மேசன் அண்ணை ஒரு பிடி எடுத்துப் பொத்திப் பார்ப்பார். உருண்டை நிற்க வேண்டும், விரலுக்குள்ளால் தண்ணீர் வடியக்கூடாது. வாளியை அவர் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள், வேறு யாரும் தொட வேண்டாம்.

மணலை ஒரு சோடாப் போத்தலில் பாதி போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஒரு மணித்தியாலம் வையுங்கள். மேலே களிப்படை தடிப்பாக நின்றால் அந்த மணல் வேண்டாம். ஆற்றில் சும்மா கிடக்கிறதே என்று உழவு மெசினில் ஏற்றவும் வேண்டாம். மணல் ஏற்ற அனுமதிப்பத்திரம் வேண்டும், பொலிஸ் மறித்தால் மெசின்காரர்தான் நீதிமன்றத்துக்கு அலைவார்.

வேலை நேரம் காலை ஆறரை முதல் பத்தரை, பின்னேரம் மூன்றரை முதல் இருட்டும்வரை. நடுவில் சோறு, நிழல், நித்திரை. அடுக்கிக் கிடக்கும் ஓடு, கல், தகரம் எதையும் வெறுங்கையால் தூக்க விடாதீர்கள். முதலில் தடியால் தட்டுங்கள், புடையன் பாம்பு அங்கேதான் சுருண்டிருக்கும். இருட்டினால் யானைப் பாதைப் பக்கம் ஒருவரும் தனியே போகக்கூடாது.

கிணறு

இதில்தான் எனக்குப் பயம் அதிகம், அதனால் நீட்டித்தான் எழுதுவேன்.

சிரமதானம் என்றதும் எல்லோரும் "கிணறு இறைப்போம்" என்கிறார்கள். வருடா வருடம் இறைக்கிற கிணறு என்றால் சரி. போருக்குப் பிறகு யாரும் இறங்காத பாழ்க்கிணறு என்றால் விடுங்கள். உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாது. அதைக் கண்ணிவெடி அகற்றுபவர்கள் முதலில் பார்க்க வேண்டும்.

எங்கள் பொதுக்கிணறு விட்டம் 12 அடி, ஆவணியில் தண்ணீர் மேலிருந்து 28 அடியில். மேலே வைத்த தண்ணீர்ப் பம்ப் இருபது, இருபத்தைந்து அடிக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சாது. மெசின் பிழையில்லை, உறிஞ்சலின் எல்லையே அவ்வளவுதான். அப்போது யாராவது ஒருவர் சொல்வார், "மெசினைக் கயித்தில கட்டி உள்ளுக்கு இறக்குவம்." எங்கள் ஊரிலும் சொன்னார்கள். கயிறும் கொண்டுவந்துவிட்டார்கள். நான் கிணற்றுக் கட்டில் ஏறி இருந்துவிட்டேன்.

மண்ணெண்ணெய், பெற்றோல் மெசினைக் கிணற்றுக்குள் இயக்கினால் புகை மேலே வராது, உள்ளேயே நிற்கும். அதிலுள்ள நஞ்சுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. கீழே நிற்பவர் தலை சுற்றுகிறது என்று சொல்வதற்குள் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். அரிக்கன் லாம்பை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அணைந்தால் இறங்கவே கூடாது. ஆனால் அணையாமல் எரிந்தாலும் மெசின் புகையின் நஞ்சு இல்லை என்று ஆகாது. ஆகவே நீரில் மூழ்கி ஓடும் மின்சார மோட்டாரை வாடகைக்கு எடுங்கள், ஆள் உள்ளே நிற்கும்போது அதன் கரண்டை நிறுத்துங்கள். கிடைக்காவிட்டால் கப்பியும் வாளியும். நாங்கள் கடைசியில் வாளியால்தான் இறைத்தோம், பத்துப் பேர் வரிசையாக நின்று, விடியற்காலை ஐந்திலிருந்து. கடைசியில் சேறு, இரண்டு செருப்பு, ஒரு பித்தளைச் செம்பு வந்தது. செம்பு யாருடையது என்று இன்னும் வழக்கு முடியவில்லை.

இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே அந்தக் கயிற்றைப் பிடிக்க இரண்டு பேர், அவர்களுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். கீழே நிற்பவருக்குத் தொப்பி, மேலே கட்டில் கல் எதுவும் வைக்கக்கூடாது. கட்டாத மண் கிணற்றை ஒரேயடியாக வற்ற இறைக்காதீர்கள், பக்கம் சரியும்.

இறைத்து, சுவர் உரஞ்சி, தண்ணீர் ஊறிய பிறகு குளோரின். இதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள், கணக்கோடு போங்கள். விட்டத்தை அடியில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, பிறகு 22ஆல் பெருக்குங்கள், லீற்றர் வரும். எங்கள் கிணற்றில் 6 அடி நீர் ஊறியிருந்தது. 12 × 12 × 6 × 22, ஏறத்தாழ 19,000 லீற்றர். அதைச் சொன்னால் எவ்வளவு தூள், எப்படிக் கரைப்பது, எத்தனை மணித்தியாலம் அள்ளக்கூடாது என்று அவர் சொல்வார். கண் மதிப்பில் போடுகிற வேலை வேண்டாம்.

குளோரின் கிருமிக்குத்தான். வன்னியின் பல இடங்களில், குறிப்பாக வவுனியாப் பக்கம், தண்ணீரில் புளோரைட்டும் கல்சியமும் அதிகம். குளோரினோ கொதிக்கவைப்பதோ புளோரைட்டைக் குறைக்காது. ஆகவே புதுக் கிணறு என்றால் கட்டு எழுப்பக் காசு செலவழிக்குமுன் ஒரு போத்தல் தண்ணீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். புளோரைட் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அது குளிக்க, தோட்டத்துக்கு. குடிக்க வேறு வழி தேட வேண்டும்.

கிணற்றடித் தளத்தை வெளிப்பக்கம் சரிவாகப் போட்டு, வாய்க்கால் வைத்து, வாழைக்கு விடுங்கள். கட்டும் தளமும் சேருகிற இடத்தில் வெடிப்பு இருந்தால் கால் கழுவிய தண்ணீர் நேரே உள்ளே போகும். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையவே கூடாது. தூரம் கூடினால் இன்னும் நல்லது.

தொட்டிக்குப் பீலி

மழைநீர்த் தொட்டிகள் 5,000 லீற்றர், கம்பிவலையும் சீமெந்தும். தளத்தை மேசன் பிடித்துவிட்டால் பூசுகிற வேலையில் பெண்கள்தான் கெட்டிக்காரர், வீடு மெழுகிப் பழகிய கை. கணக்கு லேசானது: ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர். 40 சதுர மீற்றர்க் கூரையில் 20 மில்லிமீற்றர் பெய்தால் 800. சிந்திச் சிதறி 600 வந்தாலும் போதும், நல்ல மாரியில் எட்டொன்பது மழையில் தொட்டி நிரம்பிவிடும்.

எங்கள் முதல் தொட்டிக்குக் காசு தந்தவர்கள் கூரைப் பீலி பூட்டுமுன் திறப்பு விழா வைத்தார்கள். ரிபன், மாலை, பெயர்ப்பலகை, எல்லாம் நடந்தது. விமானத்துக்கு நேரம் என்று போனார்கள். பீலிக்குக் காசு எந்தக் கணக்கிலும் இல்லை. மாரி முழுக்கக் கூரைத் தண்ணீர் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்து மண்ணில் குழி தோண்டியது. அதற்குப் பிறகு எங்கள் சங்கத்தில் ஒரு முடிவு: குழாயைத் திறந்து ஒரு செம்பு தண்ணீர் பிடித்துக் காட்டாமல் ரிபன் இல்லை.

காசுக் கணக்கைப் பற்றி ஒன்றுதான். 2022இல் சீமெந்துப் பை மூவாயிரம் ரூபாயைத் தொட்டபோது பாதியில் நின்ற வேலைகள் எத்தனையோ. காசு கைக்கு வந்த கிழமையே சீமெந்து தவிர்ந்த சாமான்களை வாங்கிவிடுங்கள். சீமெந்தை வேலைக்கு முதல் நாள் எடுங்கள், பலகையில் அடுக்குங்கள், நிலத்தில் வைத்தால் கட்டிபட்டுவிடும். பற்றுச்சீட்டுகளைச் சங்கக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள், பிளேன்ரீச் சீனி வரைக்கும்.

போன பிறகு

கடைசி நாளில் ஒரு அரை நாளை வேலையில்லாமல் விடுங்கள். அன்று கற்பிக்கிற நாள். குழாய் பூட்டியவர் எங்கள் ஊர் ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, கழற்றி, அவர்களைக் கொண்டே திரும்பப் பூட்டுவிக்க வேண்டும். அதில் ஒருவராவது ஊரை விட்டு வேலைக்குப் போகாதவராக இருக்கட்டும். நாங்கள் பிடித்தது அறுபது வயதுப் பெரியம்மா ஒருவரை. முதலில் சிரித்தார், "எனக்கென்னடி பிள்ளை தெரியும்?" என்றார். இப்போது அடுத்த தெருவிலிருந்தும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

மிஞ்சுகிற பெயின்றில் தொட்டியின் பின்பக்கம் எழுதிவிடுங்கள், கொப்பி தொலையும், சுவர் தொலையாது. எங்கள் தொட்டியில் இப்படி இருக்கிறது:

முதல் இரண்டு மழைக்குப் பீலியை வெளியே திருப்பிவிடவும். புரட்டாதிக் கடைசியில் உள்ளே கழுவவும். வலை கிழிந்தால் நுளம்பு வரும், உடனே மாற்றவும். குழாய் அரை அங்குலம், வாசர் பிஸ்கற் ரின்னில், பெரியம்மா வீட்டு அலுமாரிக்கு மேல். அவர் மகளிடம் போயிருந்தால் திறப்பு எதிர்வீட்டில்.